ஊறுகாய்ப் புட்டிகளுக்கு வந்த லாரி

வெள்ளம் வருகிறது, வாசலில் லாரி நிற்கிறது. முதலில் எதை ஏற்றுவீர்கள்? நூற்றைம்பது வருஷத்து ஊறுகாய்ப் புட்டியையா, எழுந்து உட்கார முடியாத மனிதனையா? நீங்கள் யோசிக்கக்கூட மாட்டீர்கள். எங்கள் மிசௌரி ஆற்றங்கரையில் யோசித்தார்கள்.

லோர்னா ஹ்ருஸ்கா, பறவைகள் சரணாலயத்து அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தங்கச் சுரங்கங்களுக்குச் சரக்கு ஏற்றிப்போன நீராவிப் படகு ஒன்று, ஆற்றடியில் கிடந்த மரம் குத்தி மூழ்கியிருந்தது. அதைச் சேற்றிலிருந்து தோண்டி, உள்ளே இருந்த பூட்ஸ், மண்வெட்டி, கடுகு ஜாடி, ஊறுகாய்ப் புட்டி, பீச் பழப் புட்டி எல்லாவற்றையும் அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடி அலமாரிகளைத் துடைத்துத் துடைத்து அவள் தோள்பட்டை தேய்ந்துவிட்டது.

அந்தக் கோடையில் மேலே அணையைத் திறந்தார்கள். கடவுளின் சோதனை என்றார் பாதிரியார்.

"கடவுளா வந்து தொறந்தாரு? சம்பளம் வாங்குற ஆளுங்கதான் தொறந்தாங்க" என்றாள் லோர்னா.

லாரியில் மேட்டுக்கு அனுப்ப, ஒவ்வொரு புட்டியையும் ஸ்பாஞ்சில் பொதிந்து பெட்டியில் வைக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. வீட்டில் கணவன் டுவைட், தானியக் கிடங்கில் விழுந்து முதுகு முறிந்தவன், படுத்தே கிடந்தான். அவர்களுடைய தகர வீடு தாழ்வான கரையில் இருந்தது. ஆம்புலன்ஸுக்குக் கேட்டாள். வாசலுக்குத் தண்ணீர் வந்தால்தான் அவசரம் என்றார்கள். தண்ணீர் வாசலுக்கு வரும்போது சாலை எங்கே இருக்கும்?

"புட்டிக்கெல்லாம் மெத்தையாமே! என் கால்லயும் ஒரு சீட்டு கட்டிவுடு. நானும் சேத்துல கெடச்சவன்னு சொல்லு" என்றான் டுவைட்.

"வாய மூடு கிழவா. உன்னய எவன் டிக்கெட் வாங்கிப் பாப்பான்?"

கடைசி லாரி பாதி காலியாகக் கிளம்பத் தயாராக நின்றது. அவள் அதிகாரி ப்ரெண்டிடம் போனாள்.

"சார், எங்க வீடு போற வழியிலதான்."

"குளிர் வச்ச வண்டி லோர்னா. ஆளுங்கள ஏத்த ரூல்ஸ்ல இடமில்ல."

"ரூல்ஸ எழுதினதும் ஆளுங்கதானே சார்?"

ப்ரெண்ட் கெட்டவர் இல்லை. கெட்டதையெல்லாம் அவருக்குப் பதிலாக ரூல்ஸ் செய்துவிடும்.

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. லாரியின் முன்பக்கம் ஏறி, டிரைவர் ரஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் வீட்டுத் திருப்பத்தில், "இங்க நிறுத்து" என்றாள்.

"வேல போயிரும்."

"எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப தொணைக்கு ஆள் இருக்கு. நிறுத்து."

பெட்டிகளுக்கு நடுவே டுவைட்டை மெத்தையோடு ஏற்றினார்கள். "பீச் பழத்துக்கு இம்புட்டுக் குளிரா?" என்று அவன் கத்திக்கொண்டே வந்தான்.

வீடு வெள்ளத்தோடு போய்விட்டது. ரஸ்ஸை எச்சரித்து விட்டுவிட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் புட்டிகள் கீறல் இல்லாமல் அலமாரிக்குத் திரும்பின. லோர்னாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. மேட்டில் ஒரு வாடகை அறையில், டுவைட்டைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவளும் அப்படியே சாய்ந்துவிடுகிறாள். ரூல்ஸ் மட்டும் மாறவில்லை.

உங்கள் ஊரிலும் ஆறு இருக்கும், பள்ளத்தில் வீடுகள் இருக்கும். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், நடக்க முடியாதவர்களை ஏற்ற எந்த வண்டி வரும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.