பயந்தவனுக்கு ஆகாத டயர்

பெருங்களத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் ஒல்லி. மீசைக்குச் சாயம் பூசியிருப்பார். யார் வந்தாலும் பேசுவதற்கு முன் குந்தி உட்கார்ந்து, அவர்களுடைய பைக்கின் பின் டயர் ஓரத்தைக் கட்டை விரலால் தடவுவார்.

ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று நண்பர்கள் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகவும் பயம், மாட்டேன் என்று சொல்லவும் பயம். விழாமல் இருந்தால் போதும் என்று, ரேஸ்காரர்கள் போடும் மெத்தென்ற டயரைக் கேட்டுப் போனேன்.

என் டயரைத் தடவினார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி, ஓரத்தில் தேயாமல் அப்படியே நின்றது.

"இன்னாண்ணா, வண்டிய ஒரு வளைவுலகூட சாய்ச்சதில்லியா?"

"எறங்கித் தள்ளாத கொறதான்" என்றேன்.

"அப்ப நீ கேக்குற டயர் ஒனக்கு வாணாம். அது சூடானாத்தான் ரோட்ட புடிக்கும். வேகமா போனாத்தான் சூடாவும். பயந்துகினு ஓட்னா வழுக்கி வுட்ரும்."

பயத்துக்காக வாங்க வந்த டயர், பயந்தால் தள்ளிவிடுமாம். எனக்கு வியர்த்துவிட்டது.

"எவ்ளோ பயந்தாண்ணா வழுக்கும்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ."

சாதாரண ரோடு டயரையே மாட்டி அனுப்பினார். டிராக்கில் எல்லோருக்கும் கடைசியாக வந்தேன். ஆனால் விழவில்லை.

அவர் கேலி செய்தாரா, அளந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் அந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் நான் வண்டியை வேகமாக ஓட்டுகிறேன்.