பாடிக்கொண்டிருந்த செடியைப் பிடுங்கிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்துவிட்டேன். எண்பது தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வயர் மாட்டிய ஒரு செடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். அந்த நேரத்தில் அது பாடிக்கொண்டிருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கர் வைத்து நிஜமாகவே பாடிக்கொண்டிருந்தது!

அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

குரங்கணிக்கு மேலே, ஜீப் பாதை போய் முடிகிற இடத்தில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா இருக்கிறது. கொஞ்ச நாளாக அங்கே ஓவியம் வரைகிறவர்கள், வீடியோ எடுக்கிறவர்கள், கம்ப்யூட்டரில் சத்தம் உண்டாக்குகிறவர்கள் என்று ஆட்கள் வந்து தங்குகிறார்கள். ரெசிடென்சி என்று பெயராம். இடமும் சாப்பாடும் கொடுத்து, 'ஆறு வாரம் இங்கேயே இருந்து ஏதாவது செய்' என்பார்களாம். செய்கிற காரியத்தில் உயிரியலும் இருக்க வேண்டும், கலையும் இருக்க வேண்டும், ஊர் ஜனங்களும் இருக்க வேண்டும். கடைசி நாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

இதைக் கேட்ட பேச்சி சொன்னாள்: "நாமளுந்தான் மதினி, காலம்பூராம் எஸ்டேட் லயத்துல தங்கிச் சோலி பாத்தோம். கடைசி நாள்ல ஒரு பயலாச்சும் வந்து கையத் தட்டுனானா?"

பேச்சி என் வீட்டுக்காரரின் தங்கை. ஏலக்காட்டில் என்னோடு ஒரே வரிசையில் வேலை பார்த்தவள். நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எனக்கு அது ரொம்ப வசதி. நான் எழுதுகிற ஆள்தானே தவிர பேசுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுதும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை... அந்தத் தைரியம்தான்.

அழைப்பிதழை அவள்தான் கொண்டுவந்து நீட்டினாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதில் எனக்கு விளங்கியது இரண்டே விஷயம் — தேதி, அப்புறம் 'மதிய உணவு உண்டு'. பேச்சிக்கு இரண்டாவது போதும் என்று தோன்றியது.

போடியிலிருந்து போன ஜீப்பில் குருசாமி அண்ணனும் இருந்தார். பங்களாவுக்கு நேர் கீழே அவருக்கு ரெண்டு ஏக்கர் ஏலக்காடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதில் கட்டே விழுந்தது.

கட்டே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏலச்செடிக்கு வருகிற வைரஸ் நோய். இலையில் வெளிறின கோடு கோடாக ஓடும். செடி உடனே சாகாது. ஆனால் வருஷத்துக்கு வருஷம் சூம்பிக்கொண்டே போகும், காய்ப்பு விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம் என்கிற மாதிரி சின்னதாக ஓர் அசுவினிப் பூச்சி, அதை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும். மருந்து கிடையாது. பிடுங்கு, எரி. அவ்வளவுதான் வைத்தியம்.

அண்ணன் அப்படித்தான் ரெண்டு ஏக்கரையும் தன் கையால் பிடுங்கினார். இப்போது கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று நாற்றங்கால் போட்டிருக்கிறார். ஜீப் குலுங்கின குலுக்கலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த நாத்து தேறுனா காடு. தேறலைன்னா ரிசார்ட்டுக்காரன்ட்ட தள்ளிவிட்டுட்டு, மகன் வீட்டுல போயி டி.வி. பாத்துக்கிட்டு கெடக்க வேண்டியதுதான் தாயி."

"தண்ணி யாருண்ணே ஊத்துறா?"

"முழங்கால் வலில நான் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஏறுறேன். மத்த நாளு அந்தப் பங்களாப் பிள்ளதான் ஊத்துது. மிருதுளான்னு பேரு, கோயம்புத்தூர்ப் பக்கம். தங்கமான பிள்ள!"

அந்தத் தங்கமான பிள்ளையின் நிகழ்ச்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

பங்களா முன்னால் பந்தல் போட்டு, மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே நுழையும்போதே ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். 'அறிவியல் – கலை – சமூகம்' என்று அச்சடித்திருந்தது. நடுவில் ஒரு மேடை. மேடையில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒற்றை ஏலச்செடி, இடுப்பு உயரம். இலைக்கு இலை கிளிப் மாட்டி, வயர் இழுத்து, ஒரு பெட்டியில் சேர்த்திருந்தது. ஊதா விளக்கு வேறு. அந்த வெளிச்சத்தில் எங்கள் இடத்திலிருந்து பார்த்தால் அது ஏலச்செடியா, இஞ்சிச்செடியா என்றுகூடச் சொல்ல முடியாது.

மிருதுளா மைக்கைப் பிடித்தாள். ஆறு வாரமாகத் தூங்காத முகம். செடிக்குள்ளே ரொம்பச் சின்னதாக ஒரு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்குமாம்; அது கூடிக் குறைவதைப் பெட்டி சத்தமாக மாற்றுமாம்.

"எத்தனையோ செடியில முயற்சி பண்ணிப் பாத்தேங்க. எல்லாம் ஒரே மாதிரி 'ம்ம்ம்'னு முனகுச்சு. மேல ஒரு கைவிட்ட தோட்டத்துல இந்தச் செடியப் பாத்தேன். இது மட்டும்தான் இப்படிப் பாடுச்சு!"

பட்டனைத் தட்டினாள். சும்மா சொல்லக் கூடாது — ஏறி, இறங்கி, நடுவில் ஒரு விக்கல் மாதிரி நின்று, மறுபடி ஏறி... எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசி வரிசையில் இருந்த குருசாமி அண்ணன் மட்டும், "நாம முப்பது வருசம் மாங்கு மாங்குன்னு ஒழச்சோம். நம்மகிட்ட ஒரு நாளு வாயத் தொறந்துச்சா?" என்று பக்கத்து ஆளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டார்களா?

"இப்ப, ஏலத்தோட்டத்துல வேலை பாத்த ஓர் அம்மா வந்து இந்தச் செடிகிட்டப் பேசப் போறாங்க" என்றாள் மிருதுளா.

நான் பேச்சியைப் பார்த்தேன். பேச்சி பந்தலின் கூரையைப் பார்த்தாள்.

"எம் பேரையா குடுத்த?"

"ரெண்டு வார்த்த பேசுனா ஒனக்கென்ன கொறஞ்சா போகும்? மனுசங்ககிட்டப் பேசத்தான ஒனக்குக் கூச்சம். இது செடிதான, வெரசாப் போ!"

முதுகில் கை வைத்துத் தள்ளியேவிட்டாள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பேர் முன்னால் நிற்க வேண்டி வந்தால் முகங்களைப் பார்க்க மாட்டோம். சுவரில் இருக்கிற காலண்டர், தரையில் ஊர்கிற எறும்பு... கண்ணில் அகப்பட்டதை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்போம். அன்றைக்கு எனக்கு அகப்பட்டது இலை.

உற்றுப் பார்த்தேன்.

பச்சையில் கோடு. நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும், விட்டு விட்டு, வெளிறின கோடு. ஒரு இலை இல்லை, எல்லா இலையிலும்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. கட்டே கண்டால் கங்காணியைக் கூப்பிடக் கூடாது. பக்கத்தில் நிற்பவளிடம் 'இதுவா, அதுவா' என்று கேட்கக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு நாளைக்கு வந்து பார்க்கவும் கூடாது. பார்த்த கண், பிடுங்குகிற கை — இரண்டுக்கும் நடுவில் யோசனைக்கே இடம் இல்லை. 

நானும் யோசிக்கவில்லை. அடித்தண்டில் கை போனது. ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. கிழங்கோடு வந்துவிட்டது.

ஸ்பீக்கர் 'கீஈஈஈ...' என்று அலறியது பாருங்கள்! அப்புறம் கப்சிப்.

நான் அதோடு நின்றேனா? பூச்சி பறந்துவிடக் கூடாதே என்று தோளில் கிடந்த துணிப்பைக்குள் செடியைத் திணித்து, வயரோடு சேர்த்து வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே உறைத்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆமாம்... கைதட்டியது! நிகழ்ச்சியே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 

மிருதுளா மட்டும் தட்டவில்லை. காலியான தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா... என்னம்மா பண்ணிட்டீங்க?"

மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "கட்டே."

பின்னால் ஒரு நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. முழங்கால் வலிக்காரர் எப்படி அவ்வளவு வேகமாக வந்தாரோ தெரியாது. குருசாமி அண்ணன் என் கையிலிருந்த பையைப் பிரித்து, ஒரே ஓர் இலையை வெளியே இழுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே தள்ளினார்.

"எம்புட்டு நாளா இது இங்க இருக்கு?"

"மூணு வாரம் அங்கிள்."

"எங்க வச்சிருந்த?"

மிருதுளாவுக்கு இன்னும் விளங்கவில்லை பாவம். "ராத்திரி உள்ள வச்சிருப்பேன். பகல்ல உங்க நாத்துப் பந்தல் நிழல்ல வைப்பேன், நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் பாட்டுப் பதிவுக்காக உள்ளயே இருக்கும். தனியா இருந்தா பாவமா இருந்துச்சு... சின்னச் செடிங்களோட கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு."

பேச்சிதான் வாயைத் திறந்தாள்: "அடிப் பாவி மகளே! அம்மை போட்டவளக் கூட்டியாந்து பிள்ள பெத்த வீட்டுல படுக்க வச்ச மாதிரியில்ல பண்ணி வச்சிருக்க!"

நிகழ்ச்சிக்கு மதுரையிலிருந்து ஒரு தாவரவியல் பேராசிரியர் வந்திருந்தார். பையை எட்டிப் பார்த்தார், முகம் மாறியது. மிருதுளாவைத் தனியே கூப்பிட்டு அது என்ன நோய், எப்படிப் பரவும் என்று சொன்னார். அவள் அப்படியே மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வார வேலை போனதற்கு அழாத பெண், அப்போதுதான் அழுதாள்.

"அங்கிள், நான் தெரியாம..."

அண்ணன் நாற்றங்காலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்து நிகழ்ச்சி நிரலில் 'கலந்துரையாடல்' என்று இருந்தது. யாரோடு யார் கலந்து உரையாடுவது? பேச்சி மைக்கை எடுத்தாள்.

"கைதட்டுனது போதும். எல்லாரும் கீழ எறங்குங்க. வரிசைக்கு ரெண்டு பேரு. ஒவ்வொரு நாத்தா, ஒவ்வொரு எலையா திருப்பிப் பாக்கணும். கோடு தெரிஞ்சா தொடக் கூடாது, கையத் தூக்கணும். பாத்து முடிச்சாத்தான் சோறு!"

இறங்கினார்கள்! பருத்திப் புடவைகளும் ஜிப்பாக்களும் விலை உயர்ந்த செருப்புகளும், வரிசைக்கு இரண்டாக, நாற்றுகளுக்கு நடுவே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்கள். பேராசிரியர் பூதக்கண்ணாடியோடு முதல் வரிசை. பேச்சி இடுப்பில் கை வைத்துக் கங்காணி நடை நடந்தாள். "ஏம்ப்பா ஜிப்பாத் தம்பி, எல போனுக்குள்ளயா இருக்கு? குனிஞ்சு பாரு! யம்மா, பேச்சு அங்க என்ன, வரிசைய விட்டுட்டு?"

என் வரிசையில் எனக்கு ஜோடியாக வந்த சென்னைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க செடியப் பிடுங்கின அந்த மூவ்மென்ட்... எவ்வளவு நாள் ரிகர்சல் பண்ணீங்கம்மா?"

நான் அடுத்த இலையைத் திருப்பினேன். மூன்று வரிசை தள்ளியிருந்து பேச்சி பதில் சொன்னாள்: "இருபத்தாறு வருசம்!"

ஒரு மணி நேரத்தில் இரண்டு கை உயர்ந்தது. ஒன்று வெறும் மண் தெறித்த கறை. இன்னொன்று கறை இல்லை... கோடேதான். தொட்டி வைத்திருந்த மூலைக்குப் பக்கத்து வரிசை. 

அண்ணன் குனிந்து அந்த நாற்றின் இலையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "இது மட்டும் பத்தாது. ஒட்டுன ரெண்டு வரிசையும் போகணும்" என்றார். ஒரு வரிசையில் அவர் உட்கார்ந்தார். அடுத்ததைக் காட்டி மிருதுளாவிடம், "இது ஒஞ் சோலி" என்றார்.

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். உட்கார்ந்து பிடுங்கினாள். தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த நாற்றுகள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து சொட்டியது. பேச்சி பக்கத்தில் போய்க் குனிந்தாள். குரல் இறங்கியிருந்தது. "அழு தாயி, அழுதுக்கிட்டே புடுங்கு. வேரு அறுந்து உள்ள நின்னுறாம பாத்துக்க."

எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தார்கள். வயரைக் கழற்றிவிட்டுத் துணிப்பையையும் போட்டேன். அறிவியல், கலை, சமூகம் மூன்றும் நன்றாக எரிந்தன.

அவளிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான். எனக்கு வார்த்தை வருவதற்குள் அவளே சொன்னாள்: "அந்தக் கோடு அழகா இருந்துச்சும்மா. அதனாலதான் எடுத்துட்டு வந்தேன்."

அழகாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆயிரக்கணக்கில் பிடுங்கியிருக்கிறேன்... ஒரு நாளாவது அழகா என்று பார்த்திருக்கிறேனா? அதற்காக விட்டுவைக்க முடியுமா? முடியாது. ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் வைப்பதற்கு முன்னால் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சம் எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

மற்ற நாற்றுகள் தப்புமா? உடனே சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். நோய் உள்ளே இருந்தால் சில நாற்றில் மூன்று வாரத்திலேயே கோடு விழுமாம், சிலதில் இன்னும் பல வாரம் ஆகுமாம். தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

திங்கட்கிழமை மிருதுளாவுக்கு ஊருக்கு டிக்கெட் இருந்தது. ரத்து செய்துவிட்டாள். பங்களாவில் அடுத்த ஆள் வந்துவிட்டதால், இப்போது குருசாமி அண்ணனின் காவல் குடிசையில் தங்கியிருக்கிறாள். அண்ணன் இன்னும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் கட்டில் வாங்கி ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

தினமும் காலையில் வரிசைக்கு ஒரு படம் எடுத்து என் போனுக்கு அனுப்புகிறாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இன்றைக்கு நாற்பது வந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்றும் வந்துவிட்டது. கடைசி வரிசை. பச்சை. சுத்தப் பச்சை.

ஒரே நிறத்தில் நாற்பத்தொரு படம் — இதைவிடப் பெரிய கலை இப்போதைக்கு எனக்கு வேண்டாம்.