செல்லாயியின் பால்குடம்

செல்லாயிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள், சைக்கிளைத் துடைப்பாள். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவள் வீட்டு வாசலில் அந்தப் பச்சைச் சைக்கிள் பளபளவென்று நின்றால், அன்றைக்கு அவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று தெருவுக்கே தெரியும். எண்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் ஒரு வாரம் முழுக்க அது மின்னிக்கொண்டே இருந்தது. காரணம், அப்பாவு.

அப்பாவு என்பவர் அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். மாப்பிள்ளை மாயாண்டி ஈப்போவில் மோட்டார் பட்டறையில் வேலை செய்பவன், வாயில்லாப் பூச்சி. அவனுடைய அம்மா கருப்பம்மாள் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பாளாம். அதனால் பெண் பார்க்க வரவில்லை. செல்லாயியின் போட்டோவை மட்டும் வாங்கி அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே அக்காளுக்கும் சேர்த்து அப்பாவுவே பேசினார். பலகாரத் தட்டைக் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா அந்த சைக்கிள் ஆகாது. எங்க வீட்டுப் பொம்பளைங்க காலத் தூக்கிப் போட்டு ஏறமாட்டாங்க. நிச்சயத்துக்கு முன்னால வித்துடணும்."

அந்த மனிதரை எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது. செல்லாயியும் முத்தம்மாவும் நானும் தாசேக்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர்கள் இருவரும் தையல் பிரிவு, நான் ஆபீசில் தட்டச்சு. காலை ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் புந்தோங்கிலிருந்து பஸ் கிடையாது. சைக்கிள் போனால் செல்லாயிக்கு வேலையும் போகும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது சட்டி பானையோடு ஈப்போவுக்கு வந்த குடும்பம் அது. அந்த வீட்டில் முதல் முதலாகச் சம்பளத்தில் வாங்கிய பொருள் அந்தச் சைக்கிள். அதில் ஏறினால்தான் அவளுக்கு முகத்தில் சிரிப்பு வரும். அதை எடுத்துவிட்டு அவளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அப்பாவுவைக் கேட்க ஆளில்லை.

மாயாண்டியை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் வம்பு. பிடிக்காதவனாக இருந்தால் பலகாரத் தட்டோடு விஷயம் முடிந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் துணியைக் கீழே போட்டுவிட்டு எங்களிடம் சொன்னாள். "விக்கணும்னா வித்துத் தொலைக்கிறேன். அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ இத மலையில ஏத்தி எறக்கணும். அப்புறம் ஆத்துல தெப்பம் கட்டி மெதக்கணும். ரெண்டு நாளு. வாரீங்களா இல்லியா?"

"எனக்கு நீந்தத் தெரியாதப்பா" என்றேன்.

"எங்களுக்கு மட்டும் தெரியுமாலா? அதுக்குத்தான் லாரி டியூப்பு."

கல்யாணமாகாத மூன்று பெண்கள் இரண்டு நாள் ஊர் சுற்றப் போகிறோம் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க் வீடான எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் நான் வாசலில் நின்றாலே விசாரணை நடக்கும். இதற்கு வழி கண்டுபிடித்தவள் முத்தம்மா. அவள் நல்ல தையல்காரி, அதைவிட நல்ல பொய்க்காரி.

"சித்ரா பௌர்ணமி வருதுல்ல. தெலுக் இந்தான் முருகனுக்குப் பால்குடம் எடுக்கறோம், சைக்கிள்லயே போறதா நேத்திக்கடன்னு சொல்லிடுவோம். மஞ்சச் சேலைய கட்டிட்டா எவனும் கேள்வி கேக்கமாட்டான்."

கேட்கவில்லைதான். என் அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, "கவனமாப் போட்டு வா பிள்ளை" என்று கண் கலங்கினார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

உறுத்தவேண்டிய இன்னொரு விஷயமும் இருந்தது. முத்தம்மாவால் இரண்டு நாள் கறி இல்லாமல் இருக்க முடியாது. கோழியைப் பிரட்டி, ஆறவைத்து, பால்குடத்துக்குள் போட்டு, வாழையிலையால் மூடி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிவிட்டாள். "பால்குடத்த எவளும் தொறந்து பாக்கமாட்டா" என்றாள். கடையில் புதிதாய் வாங்கிய குடம், இன்னும் எந்தச் சாமிக்கும் காட்டாதது என்று நான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, இந்தப் பொய்யில் கூட்டாளியான முத்தம்மாவின் அண்ணன் உடையப்பன், தன் காய்கறி லாரியில் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் சுங்காய் அருகே இறக்கிவிட்டார். காற்றில்லாத டியூப்புகளைச் சுருட்டி கேரியரில் கட்டிக்கொண்டோம். குடம் என் சைக்கிளின் முன்கூடையில். செல்லாயி எதிரே தெரிந்த ரப்பர் மேட்டைக் காட்டினாள்.

"அந்த மேட்டத் தாண்டுனா ஆறு. கருப்பம்மா தோட்டமும் இந்தப் பக்கந்தான் எங்கியோ இருக்கு. நாம அங்க போகவே போறதில்ல."

ரப்பர்க் காட்டில் ஒரு வரிசை மரத்துக்கும் இன்னொரு வரிசை மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவள் மறந்துபோனாள். ஏறினோம். செம்மண் தடம், வேர், காய்ந்த ரப்பர்க் கொட்டை, கொசு. நானும் முத்தம்மாவும் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனோம். செல்லாயி கடைசிவரை மிதித்தே ஏறினாள். உச்சியில் நின்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பாத்துக்கங்கடி" என்று சொல்லிவிட்டு, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு கீழே பாய்ந்தாள்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். பிரேக் கம்பி அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம், "ஐயோ முருகா! முருகா! முருகா!"

மேட்டின் அந்தப் பக்கம் ஆறு இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் வரிசையாக இருந்தன. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குழாய்க்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் மாட்டுக்கு அறுத்துப் போட்டிருந்த புல் குவியல். மஞ்சள் சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாக, முருகனைக் கூவிக்கொண்டு மலையிலிருந்து பறந்து வந்த செல்லாயி, நேராக அந்தப் புல்லில் போய் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது பயத்தில் உடம்பெல்லாம் உதறியது.

"சாமி வந்திருச்சுடீ!" என்று குழாயடியில் ஒருத்தி அலறினாள்.

நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வருவதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. பத்துமலை என்ற கோயில் பூசாரி உடுக்கையை எடுத்துவிட்டார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். எங்கள் மஞ்சள் சேலையையும் குடத்தையும் பார்த்ததும் எங்கள் கால்களிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். செல்லாயிக்கு உதறல் நின்று நிதானம் வந்துவிட்டது. "நான் சாமி இல்லீங்க" என்று சொல்வதற்காக அவள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அப்போதுதான் தலைத்துணி கட்டிய ஒல்லியான ஒரு பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, செல்லாயியின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கும்பிட்டாள்.

"ஆத்தா, நான் கருப்பம்மா. என் மவன் மாயாண்டிக்கு ஈப்போவுல பொண்ணு பேசிருக்கு. நல்ல எடந்தானா? நீதான் சொல்லணும்."

முத்தம்மா என் கையைக் கிள்ளியதில் நகம் பதிந்துவிட்டது. செல்லாயி திறந்த வாயை மூடினாள். பிறகு கண்ணையும் மூடினாள். பிறகு, பாவி, மறுபடியும் ஆட ஆரம்பித்தாள்.

"வருவாடீ! ரெண்டு சக்கரத்துல ஏறி வருவா!"

"சக்கரமா? காரா ஆத்தா?"

"காரு இல்லடி! சைக்கிளு!" சாமிக்கே பொறுமை போய்விட்டது. "தாய்மாமன் ஒருத்தன் குறுக்க நிக்கிறான். அவன் பேச்சக் கேட்டு அந்த சைக்கிள நிறுத்துனா, ஒன் வீட்டுல அடுப்பு எரியாது!"

"நிறுத்தலே ஆத்தா, நிறுத்தலே" என்று கருப்பம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் உதட்டோரம் துடித்தது. பக்தியில் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

மலையேறிய சாமிக்கும் கூட வந்தவர்களுக்கும் இலை போட்டார்கள். சோறு, சாம்பார், பூசணிக்காய். கருப்பம்மாள் என்னிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"வெயில்ல பாலு திரிஞ்சிடும்மா. நான் நெழல்ல வச்சுப் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

முத்தம்மாவுக்குப் புரையேறியது. அவ்வளவு நல்ல சாம்பாரை அவ்வளவு பயத்தோடு நான் சாப்பிட்டதே இல்லை. ஆனால் குடம் போட்ட கட்டு போட்டபடியே திரும்பி வந்தது. மேலே புதிதாக வேப்பிலைகூடச் செருகியிருந்தாள். பிரேக் கம்பியையும் யாரோ ஒரு புண்ணியவான் மாற்றிக்கொடுத்திருந்தான். "நாங்க ஆத்துல தலை முழுகணும், யாரும் பின்னால வரக்கூடாது" என்று முத்தம்மா உத்தரவு போட, தோட்டமே கைகூப்பி வழி காட்டியது.

ஆற்றங்கரையில் சைக்கிள்களை மூங்கில் புதருக்குள் பூட்டினோம். மூங்கிலை வெட்டி, சைக்கிள் பம்பால் லாரி டியூப்புக்குக் காற்றடித்து, மூன்று பேருக்கும் நெஞ்சு வலி வந்த பிறகு தெப்பம் ஒன்று உருவானது. பார்ப்பதற்கு உடைந்த கட்டில் மாதிரி இருந்தாலும் மிதந்தது. முதல் வளைவு வரை ராணிகள் மாதிரிப் போனோம். அதற்கப்புறம் ஆறு சரிந்து, பாறைக்குப் பாறை எங்களைத் தூக்கிப் போட்டது. முத்தம்மா தண்ணீரில் விழுந்து, "போறேன்டி, செத்துப் போறேன்டி" என்று கத்தினாள். எழுந்து நின்று பார்த்தால் தண்ணீர் இடுப்பு வரைதான். நான் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேவாரம் சொன்னேன். கோழிக்கறியைக் கட்டிக்கொண்டு தேவாரம் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். செல்லாயி மட்டும் தெப்பத்தின் முனையில் மூங்கில் கழியோடு நின்று, பாறையைத் தள்ளித் தள்ளி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மணல் திட்டில் கரை ஒதுங்கியதும் சிரிப்பு நின்றது. "இது போதும்டி. இனி வித்தாலும் பரவால்ல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். சாமி சொல்லி ஊர் கேட்கும்; அப்பாவு கேட்பாரா?

அழுகையை மாற்ற முத்தம்மா குடத்தைத் திறந்தாள். துணியை அவிழ்த்து, இலையை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

"ரெண்டு காலும் எங்கடி?"

ஈரலும் இல்லை. குடம் உன் கூடையில்தானே வந்தது என்றாள் முத்தம்மா. சமைத்தவள்தானே ருசி பார்த்திருப்பாள் என்றேன் நான். அம்மா சத்தியம், அப்பா சத்தியம் என்று சண்டை வளர்ந்தது. அன்றைக்குச் சுங்காயில் முத்தம்மாவின் சித்தி வீட்டில் ஒரே பாயில் படுத்தும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் சைக்கிள்களை எடுத்து ஏற்றிக்கொண்டு, லாரியிலும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்துதான் வீடு வந்தோம்.

அடுத்த மாதம் நிச்சயம். கருப்பம்மாள் மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் முத்தம்மா அடுக்களைக்குள் பாய்ந்தாள். நான் தாம்பூலத் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்தேன். சைக்கிள் வாசலில் நின்றது. அவ்வளவு பளபளப்பை நான் அதில் பார்த்ததே இல்லை.

அப்பாவு அதைப் பார்த்துவிட்டார். "என்னா இது? இன்னும் விக்கலியா?"

செல்லாயியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி செல்லாயியே முன்னால் வந்தாள். "விக்கல. விக்கவும் மாட்டேன். வேணாம்னா எந்திரிச்சுப் போங்க."

மாயாண்டி அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கருப்பம்மாள் எலுமிச்சம்பழத்தை மடியில் முடிந்துகொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

"சைக்கிள நிறுத்துனா நம்ம வீட்டுல அடுப்பு எரியாதுன்னு சாமி சொல்லிருச்சு. தோட்டமே கேட்டுச்சு. தாய்மாமன் பேச்சக் கேக்காதன்னும் சொல்லுச்சு. ஒனக்கும் சாமிக்கும் எதுக்குடா பொல்லாப்பு? பேசாம ஒக்காரு."

அப்பாவு உட்கார்ந்தார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

கருப்பம்மாள் எழுந்து வந்து செல்லாயியின் தலையில் பூ வைத்தாள். தட்டோடு பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் அவள் முணுமுணுத்தது கேட்டது.

"ஒன் போட்டோவப் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடம்டி. புல்லுல வந்து விழுந்தப்பவே தெரிஞ்சுபோச்சு." செல்லாயியின் முகம் வெளுத்துவிட்டது. கிழவி விடவில்லை. "அடுத்த தடவ ஆத்துக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. பஸ்ஸு நமக்கு ஆகாது, சைக்கிள்ல பின்னால ஒக்காந்துக்கறேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள்.

"கோழி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உப்பு கம்மிலா."