பித்தளைத் தகட்டின் ஓரத்துக் கறை

அந்தக் கறை யாருடைய ரத்தமும் இல்லை. குங்குமம். என் மனைவி மோதிர விரலால் வைத்தது, ஐந்து ஆயுத பூஜைக்கு ஐந்து பொட்டு. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல நான் தயார். கேட்கத்தான் இந்த ஊரில் ஆளில்லை.

அந்தக் கறை பட்ட துப்பாக்கி பழைய த்ரீ நாட் த்ரீ, ராணுவம் வேண்டாமென்று கழித்துவிட்டது. அதை வாங்கியபோது நாங்கள் கிளென் ஈடன் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தோம், என் லைசென்ஸும் புதிது. மான் சுடும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. நான் லேத் வேலைக்காரன். இரும்பில் எண் அடித்திருந்தால் அதைத் தடவிப் பார்க்காமல் என் விரல் சும்மா இராது. இந்த நாட்டில் வேட்டைக்காரர்கள் இந்த வகைத் துப்பாக்கிகளின் முன்கட்டையை வெட்டி எறிந்து, மலையேறத் தோதாக இளைக்க வைத்துவிட்டார்கள். என்னுடையதை யாரும் தொடவில்லை. உடம்பில் அடித்த எண்ணும் போல்ட்டில் அடித்த எண்ணும் ஒன்று. கட்டை முழுசாக இருந்தது. உப்புத்தாளும் வார்னிஷும் அதன் மேல் பட்டதே இல்லை. சேகரிக்கிறவன் பார்ப்பது இவ்வளவுதான்: பட்டறையை விட்டு வந்தபடி இருக்கிறதா, நடுவில் எவனாவது அழகுபடுத்திக் கெடுத்தானா.

கெடுத்தது என் வீட்டில்தான் நடந்தது. முதல் வருடப் பூஜைக்கு டிரில், ஏணி, ரைஸ் குக்கர், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மனைவி துப்பாக்கியிடம் வந்தாள்.

"அதுல வேணாம். கறை புடிக்கும், மதிப்பு போயிரும்."

"இரும்புன்னு ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள இருந்தா அதுக்குப் பொட்டு உண்டுலா. இல்லன்னா வெளிய வைங்க."

வெளியே வைக்கச் சட்டம் இடம் தராது. பின்கட்டையின் பக்கவாட்டில் ஒரு பித்தளை வட்டத் தகடு பதித்திருக்கும். பொட்டு வைக்கவே செய்த நெற்றி மாதிரி அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைக் குங்குமம் அரிக்கிறது என்று அவளே மஞ்சள் பொடியில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்வாள். அதை நல்லெண்ணெயில் குழைத்து வைத்தாள். ஐந்து வருடத்தில் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, தகட்டைச் சுற்றிச் சிவப்பாகப் பிடித்து, பிறகு பழுப்பாகக் கறுத்துப்போனது.

பிறகு வீட்டுக்காரர் வீட்டை விற்றார். அடுத்து கிடைத்த வாடகை வீட்டில் சுவரில் ஓர் ஆணி கூட அடிக்கக் கூடாது. சட்டப்படி துப்பாக்கிப் பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினால்தான் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வேறு வழி தெரியவில்லை. நகர மையத்தில் பழைய ராணுவச் சாமான் வாங்கி விற்கும் ஒருவனிடம் எடுத்துப் போனேன்.

அவன் எண்ணைப் பார்த்தான், குழலுக்குள் பார்த்தான். கறையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தான்.

"இதன் மேல் கறி சமைத்தீர்களா?"

கடையிலிருந்த இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். குங்குமம் என்றால் என்ன, எதற்கு வைப்பது என்று நான் மெனக்கெட்டு விளக்கினேன். சிரிக்கிறவனுக்கு விளக்கம் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. கறை பட்ட கட்டை விறகுக்குச் சமம் என்று சொல்லி, விறகு விலைக்கு எடுத்துக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து கிளென் ஈடனிலேயே சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். ஜன்னலுக்குத் திரை போடுமுன் நான் இரும்புப் பெட்டியைச் சுவரில் முடுக்கினேன். உள்ளே வைக்க ஒன்றும் இல்லை. "காலிப் பெட்டிக்கு எதுக்கு இத்தன போல்ட்டு?" என்று மனைவி கேட்டாள். அந்தத் துப்பாக்கி திரும்ப வரும் என்று சொன்னேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம், அதுதான் வேண்டும்.

ஒரு நாள் ஏலப் பட்டியலில் அதன் படம் வந்தது. அதே எண், அதே தகடு. விற்பவனும் அதே ஆள். கீழே எழுதியிருந்தான்: "பின்கட்டையில் ரத்தக்கறை. போர்க்களத்தில் பட்டதாகக் கருதப்படுகிறது." எவன் கருதினான்? கறி என்று சிரித்தவன் கருதினானா? கருதப்படுகிறதாம். அயோக்கியத்தனத்துக்கு இலக்கணம் பார்த்துச் சட்டை போட்டுவிட்டிருந்தான்.

ஏலம் நியூ லின் பக்கம் ஒரு வாடகை மண்டபத்தில். மனைவியும் வந்தாள். என் கணக்கு எளிது. ஏலத்துக்கு முன் பொருளைப் பார்க்க விடுவார்கள். அங்கே உண்மையை உடைப்பேன். ரத்தம் பொய் என்றானதும் மதிப்பு இறங்கும். அவன் மானமும் போகும், என் துப்பாக்கியும் வீட்டுக்கு வரும்.

மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் கறையின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா போருக்குப் போய்த் திரும்பவில்லையாம். அவர் மேலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் வீட்டுப் பூஜைக்கு இவர் ஏன் துக்கம் காக்க வேண்டும்?

"அது ரத்தம் இல்லை," என்றேன். "இதோ நிற்கிறாளே, என் மனைவி வைத்த பொட்டு. இவனுக்கே தெரியும், நான்தான் இவனுக்கு விற்றேன்."

மேசைக்குப் பின்னால் நின்ற கடைக்காரன் நிதானமாகத் திரும்பினான். "உங்கள் பண்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு ஐயா. ஆனால் நீங்கள் வேறு துப்பாக்கியை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்."

இரண்டு மூன்று பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ரத்தம் தலைக்கேறியது. "அந்தக் காகிதச் சோப்பக் குடு," என்றேன். தாள் தாளாகக் கிழித்துக் கை கழுவும் அந்தச் சோப்பு மனைவியின் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

"என்னாங்க, முதல்ல அவங்களுக்கு வெளங்கச் சொல்லுங்க. அப்புறம் தேய்க்கலாம்."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? சட்டையில் மஞ்சள் கறை பட்டுச் சோப்புப் போட்டால் சிவக்கும். எங்கள் வீட்டில் துணி துவைத்த யாருக்கும் இது தெரியும். உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஒரு தாளைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, அவன் தடுப்பதற்குள் தகட்டின் ஓரத்தில் தேய்த்தேன்.

பழுப்பு கரைந்து பளிச்சென்று சிவந்தது. நேற்று வைத்தது போல.

"பார்த்தீர்களா!" என்று கத்தினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். தொப்பிக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ "கடவுளே, ரத்தம்" என்றார்கள். அப்புறம்தான் நான் மஞ்சளைப் பற்றியும் சோப்பைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். ஒரு காது கூட என் பக்கம் திரும்பவில்லை. ஃபோன்களை எடுத்து அந்தச் சிவப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரன் மட்டும் படம் எடுக்கவில்லை. அவன் என் கையிலிருந்த சோப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏலத்தில் இரண்டு முறை கை தூக்கினேன். மூன்றாவது முறை மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு ஏற்றிவிட்ட விலைக்கு மேல் போவது எங்களால் ஆகாது. கிழவர்தான் எடுத்தார்.

வாசலில் கடைக்காரன் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவன் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அடுத்த முறை எதையாவது விற்க வந்தால், அந்தச் சோப்பையும் கொண்டு வாருங்கள்."

அடித்திருக்க வேண்டும். லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தில் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பைக்குள் விரல்கள் வழவழவென்று சோப்பாக இருந்தன.

காரில் கிளென் ஈடன் வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது மனைவி, "சொல்லிட்டுத் தேய்ங்கன்னு சொன்னேன்ல," என்றாள். அவன் மேல் இருந்த கோபம் முழுவதையும் அவள் மேல் கொட்டினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருடம் பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். இரும்புப் பெட்டியின் முன்னால் விரலில் குங்குமத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். அதுவும் இரும்புதான். அவள் வைக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள்.