அராபாவின் சத்தமில்லாத ஃபேன்

செகொண்டித் துறைமுக ஊரில், கடற்கரையை ஒட்டிப் பல குடும்பங்கள் ஆளுக்கோர் அறையில் குடியிருந்த அந்த முற்றத்து வீட்டில் யாருக்கு எது கெட்டுப்போனாலும் முதலில் அராபாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தையல்காரி. தன் கைத் தையல்மெஷினைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தானே பிரித்துத் தானே மாட்டிப் பழகியவள். பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லையென்றால் அவள் புருஷன் எபோவின் வேலை எப்போதோ போயிருக்கும்.

எபோவுக்குத் துறைமுகக் கிடங்கில் இராக்காவல். தூங்குவது பகலில். அறையில் ஒரு சீலிங் ஃபேன் உண்டு. அது ஓடினால் கடகடவென்று தெருவே அதிரும். நிறுத்தினால் தகரக்கூரை ஆளை வேகவைத்துவிடும். பகல் தூக்கம் கெட்டவன் வேலையில் இரண்டு தடவை கண்ணயர்ந்து மாட்டிக்கொண்டான். இன்னொரு தடவை பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எலெக்ட்ரீஷியனோ கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அராபாவுக்கு வந்ததே கோபம்.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் மெயினை அணைத்தாள். மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். எபோ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"விழுந்து வெச்சிறாதடி."

"நீ கண்ணயராமப் புடிய்யா, நான் விழமாட்டேன்."

இறக்கைகளின் திருகுகளை முறுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். அதே கடகட. இறங்கி உட்கார்ந்து, ஒரு குவளைத் தண்ணீர் குடித்து, மறுபடி ஏறினாள். இந்த முறை தையல் டேப்பால் கூரைப்பலகைக்கும் ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். ஒரு இறக்கை விரற்கடை தாழ்ந்து தொங்கியது. அதை நிமிர்த்தினாள். மேலே கொக்கியில் ரப்பர் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. எபோவையும் மேசைமேல் ஏற்றித் தோளில் ஃபேனைத் தாங்கச் சொல்லி, பழைய செருப்பில் ரப்பர் வெட்டி அங்கே வைத்தாள். அப்படியும் லேசாக ஆடியது. மீன்பிடிக்கிற அவள் அப்பா வலையில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்றைத் தட்டையாக்கி, இறக்கையின் முதுகில் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் ஃபேன் ஓடுவதே தெரியவில்லை, காற்று மட்டும் வந்தது. எபோ சர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிப்போனான்.

ஊர் வழக்கப்படி செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு, யாரும் படகு இறக்க மாட்டார்கள். மீனைச் சுட்டுப் புகைபோட்டு விற்கும் பக்கத்து அறை மான்சா, திங்களன்று வாங்கிய மீனை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துத்தான் செவ்வாயைத் தள்ள வேண்டும். கரண்ட் போனால் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுவாள். திரும்ப வரும்போது எகிறி வந்து மோட்டாரைக் கருக்கிவிடும் என்ற பயம். அந்தச் செவ்வாயும் காலையிலேயே கரண்ட் போனது. உச்சிவெயிலில் வந்தும் விட்டது. முற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் மான்சா பெட்டியைத் திறந்தபோது மீனெல்லாம் தொளதொளவென்று கிடந்தது.

"அடியே அராபா! யாரு உன்ன அத ரிப்பேர் பண்ணச் சொன்னது?"

"எதக்கா?"

"உன் ஃபேனத்தான்! அது கத்தினாத்தான் எனக்குக் கரண்ட் வந்தது தெரியும். இத்தன வருசமா அதக் கேட்டுத்தான பெட்டியப் போடுறேன்!"

அராபா குனிந்து மீனை அமுக்கிப் பார்த்தாள்.

"ஒரு பல்பப் போட்டு வெச்சுக்கலாம்ல அக்கா?"

"அடுப்புப் புகையில என் கையே எனக்குத் தெரியல. பல்பு தெரியுமாக்கும்! பழையபடி கத்த விடு."

"முடியாதுக்கா. அவரு வேல போயிரும். நானே வந்து சொல்றேன், ஒவ்வொரு தடவையும்."

சொன்னதோடு நிற்கவில்லை. அன்று விளக்கு வைக்கும்வரை மான்சாவோடு உட்கார்ந்து அத்தனை மீனையும் கீறி உப்புத் தடவிக் கருவாட்டுக்குப் போட்டாள். பாதி விலைக்காவது போகட்டும் என்றுதான். அதன்பிறகு கரண்ட் போகிற நாளெல்லாம் முற்றத்தில் மெஷினைப் போட்டு, தங்கள் அறை ஜன்னல் வழியே ஃபேனைப் பார்த்தபடியே தைத்தாள். இறக்கை அசைந்ததும் மெஷினை விட்டு எழுந்து, புருஷன் விழித்துவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் வெறுங்காலோடு மான்சாவின் அடுப்படிக்கு ஓடினாள். மான்சாகூட ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கால் வெந்துறப் போகுதுடி" என்றாள்.

ஒருநாள் தைத்த துணியைக் கொடுக்கப் பக்கத்து ஊர் டக்கொராடிவரை போனவளுக்குத் திரும்பி வர ட்ரோட்ரோ வேன் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. வழியெல்லாம் மான்சாவின் மீன்தான் நினைப்பு. வேர்த்து விறுவிறுக்க முற்றத்துக்குள் நுழைந்தாள்.

"அக்கா, கரண்ட் போச்சா?"

"போச்சு, வந்துச்சு, பெட்டியும் போட்டாச்சு." மான்சா சிரித்தாள். "உன் புருஷன்தான் வந்தாரு. இடுப்புல துணியோட, கண்ணக்கூட முழுசாத் தொறக்கல. 'கரண்ட் வந்துருச்சுக்கா'ன்னாரு. போறப்போ தூணுல முட்டிக்கிட்டாரு. நீ வெளியூர் போனா தூக்கத்துலயும் ஒரு காது ஃபேன் மேலயே இருக்குமாம்."

"அது சத்தமே போடாதேக்கா."

"அதத்தான் நானும் கேட்டேன். மூஞ்சில காத்துப் பட்டாத் தெரியுமாம்."

அராபா ஜன்னலருகே போய் நின்றாள். எபோ நெற்றியில் வீக்கத்தோடு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. கெட்ட தூக்கத்தை அவன் சத்தமில்லாமல் தூங்கித் தீர்க்கட்டும் என்று, அன்று பொழுது சாயும்வரை அவள் தையல்மெஷினைத் தொடவே இல்லை.