புதுக் கதவும் நாலு டி.சி.யும்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் என் தொண்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஆவடிப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி, அவ்வளவு போதும். முதல் கூட்டத்தில் எச்.எம். டீச்சர் மினிட்ஸ் நோட்டை என் முன்னால் தள்ளி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். நல்லா இருக்கே கதை! கையெழுத்துப் போடவா நான் அரை நாள் லீவு எடுத்து வந்தேன்?

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு உடைந்து கிடந்தது. நாலாவது படிக்கும் என் மகள் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். குடித்தால் போக வேண்டி வருமே என்று பயம். இரண்டு முறை மனு கொடுத்தோம். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது, கதவு வரவில்லை.

மூன்றாம் முறை போனைத்தான் எடுத்தேன். உடைந்த கதவு, காய்ந்த குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, சூடாக நாலு வார்த்தை பேசி, ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரே வாரத்தில் என்ஜினியர் ஓடி வந்தார். புதுக் கதவு, தாழ்ப்பாள், தண்ணீர். அன்றைக்குத் தெருவில் நான் நடந்த நடை இருக்கிறதே, கேட்காதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை எச்.எம். கூப்பிட்டார். மேஜையில் நாலு விண்ணப்பம். நாலும் டி.சி. கேட்டு.

"உங்க வீடியோவைப் பாத்துட்டுத்தாம்மா. நாலு பிள்ளைங்க போனா கணக்குல ஒரு டீச்சர் சர்ப்ளஸ். தேவி டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவாங்க."

என் மகளை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தவரே தேவி டீச்சர்தான்.

அன்று சாயங்காலமே பக்கத்துத் தெரு செல்வி வீட்டுக்குப் போனேன். நாலு விண்ணப்பத்தில் ஒன்று அவளுடையது.

"இன்னாக்கா இது? நாறிக்கினு கீதுன்னு ஊருக்கே காட்டுனது நீ. இப்ப நீயே வந்து புள்ளைய அனுப்புன்றே?"

"இப்ப கதவு போட்டாச்சு செல்வி."

"அத்த யாரு கண்டா? ஒடஞ்சப்போ வீடியோ எடுத்தியே, மாட்டுனப்போ எடுத்தியா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக் கழிப்பறையை நேரில் பார்க்க நாலு அம்மாக்களையும் கெஞ்சிக் கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். செல்வி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு ஆட்டிப் பார்த்தாள். குழாயைத் திறந்து மூடினாள். வெளியே வந்து தன் விண்ணப்பத்தை வாங்கி, "இருக்கட்டும் உடுக்கா" என்று கிழித்துப் போட்டாள். மற்ற இருவரும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மயிரிழையில் தேவி டீச்சர் தப்பினார்.

புதிதாகக் குழுவுக்கு வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். குறையைச் சத்தம் போட்டே சொல்லுங்கள், பயப்படாதீர்கள். சரியான பிறகு அதையும் அதே சத்தத்தில் சொல்லுங்கள்.

வராத நாலாவது அம்மாவின் மகள் யாழினி இப்போது பிரைவேட் ஸ்கூல் வேனில் போகிறாள். ஜன்னல் வழியாக என் மகளுக்குக் கை காட்டுவாள். "யாழினி ஏம்மா நம்ம ஸ்கூலுக்கு வரல?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"அம்மா பாதிதான் சொன்னேன்டி, அதான்" என்றேன்.