படுக்கைக்கு வந்த ஸ்கேன்

அந்த நெஞ்சு ஆபரேஷன் டாக்டரம்மா ஒல்லியானவர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். எவ்வளவு கோபத்திலும் அவர் பேச்சில் 'ங்க' விட்டுப்போகாது.

நல்லூர் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் மூச்சு முட்டியது. கையில் தூக்கிவரக்கூடிய ஸ்கேன் மெஷின் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்தது. மேனேஜர் அதைக் கீழ்த்தளத்தில் ஏசி அறையில் பூட்டி வைத்திருந்தார். லிஃப்ட் கிடையாது. ஸ்கேனுக்காக அண்ணனை மாடி வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள், வலியில் அலறினான்.

டாக்டரம்மா ஓடிவந்தார். "மூச்சு முட்டறவரை எதுக்குங்க தூக்கறீங்க? மெஷினைத் தூக்கிட்டு வாங்க!"

"வெல ஒசந்த மெஷினுங்க மேடம். வார்டுக்குக் கொண்டுவந்தா கெட்டுப்போயிருமுங்க," என்றார் மேனேஜர்.

"சாவியைக் குடுங்க. இல்லீன்னா கதவை ஒடச்சுப்போடுவனுங்க."

சாவியை வாங்கி டாக்டரம்மாவே போய் மெஷினை எடுத்துவந்தார். படுக்கையிலேயே ஸ்கேன் பார்த்து, நுரையீரலைச் சுற்றித் தேங்கியிருந்த ரத்தத்தைக் குழாய் வைத்து வடித்தார். அண்ணனின் மூச்சு சீரானது. அதன்பின் மெஷின் கீழே போகவேயில்லை.

வீடு திரும்பும் நாளில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகம் இறுகியது.

"கும்பிடாதீங்க. போன மாசம் ஒரு அம்மாவை இப்படித்தானுங்க கீழ தூக்கிட்டுப் போனோம். படிக்கட்டுலயே உசுரு போயிருச்சுங்க. அன்னைக்கும் மெஷின் அந்த ரூம்லதான் இருந்துச்சுங்க."

அந்தக் கோபம் மேனேஜர் மேலா, தன் மேலேயா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.